பள்ளத்து முடிச்சு

உக்குவளை
18.01.2025

அன்புள்ள சிவதர்ஷினி மிஸ்ஸுக்கு,

பதுர்தீன் நானா எழுதிக்கொள்வது. எழுதிக்கொள்வது என்று சொன்னாலும் பேனா பிடிப்பது என் மனைவி மஸீஹாதான், அது உங்களுக்குத் தெரியும். கண் போனதிலிருந்து அவள் கையெழுத்துத்தான் என் கையெழுத்து. நான் பேசுகிறபடியே எழுதினால் படிக்கிறவர்கள் சிரிப்பார்கள் என்று எல்லாவற்றையும் எழுத்துத் தமிழுக்குத் திருப்பித்தான் எழுதுவாள். (சிரிப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. மரியாதையாக இருக்காது என்றேன். - மஸீஹா.)

இது போகக் கடிதம். இரண்டு வருடமாக அனுப்பவில்லை. அனுப்புவதற்கு உங்கள் திட்ட ஆபீஸும் இப்போது இல்லை. எங்களுக்குப் படிவம் நிரப்ப வராது என்று கண்டுகொண்டு, போகம் முடிந்ததும் ஆளுக்கொரு கடிதம் எழுதினால் போதும் என்று பழக்கிவிட்டது இணைப்பாளராக இருந்த நீங்கள்தான். கண்ணோ கையோ காலோ முடியாத தோட்டக்காரர்களான எங்கள் சங்கத்து இருபத்துமூன்று பேரின் கடிதங்களையும் இங்கிலீஷுக்கு மாற்றி, பணம் தருகிற வெளிநாட்டு நிறுவனத்துக்கு அனுப்புவீர்கள். என் கடிதத்தைப் படித்துவிட்டு அங்கே ஒரு அம்மா அழுததாக ஒரு தடவை சொன்னீர்கள். மிளகுக்கொடியில் பூஞ்சணம் பிடித்ததைத்தான் எழுதியிருந்தேன். அதற்கு ஏன் அழுதார் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

உங்கள் பழைய நம்பருக்கு எடுத்தால் யாரோ ஒரு சிங்கள அம்மா பேசுகிறார். மூன்று தடவை எடுத்ததில் அவரும் நானும் சுகம் விசாரிக்கிற அளவுக்குப் பழகிவிட்டோம். விலாசத்தைத் தேடித் தந்தது, மாத்தளைக் கச்சேரி ஆபீஸில் உங்கள் அப்பா ஆறுமுகநாதன் ஐயாவோடு வேலை செய்த ஒருவர்.

நீங்கள் முதல்முதல் எங்கள் வீட்டுக்கு வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? ஒன்பது வருடம் ஆகிறது. கேட்டைத் தாண்டியதும் தண்ணீர் ஓடுகிற பள்ளத்தில் விழுந்தீர்கள். "எனக்குத்தான் கண் தெரியாதுண்டு சென்னாங்க, மிஸ்ஸுக்குமா?" என்று கேட்டேன். சேற்றைக்கூடத் துடைக்காமல், "நானா, இந்தப் பள்ளத்த நீங்க எப்பிடித் தாண்டுறீங்க?" என்றீர்கள். பதினேழு தடவை விழுந்து பழகினேன் என்றேன். அடுத்த கிழமை ஒரு கட்டுத் தும்புக் கயிற்றோடு வந்தீர்கள்.

குசினிக் கதவிலிருந்து கிணற்றுக்கு, கிணற்றிலிருந்து மிளகு வரிசைகளுக்கு, அங்கிருந்து கேட்டுக்கு. கயிற்றில் ஒரு முடிச்சு என்றால் மிளகுக்கொடி, இரண்டு என்றால் சாதிக்காய் மரம். பள்ளம் வருகிற இடத்தில் மட்டும் பெரிய முடிச்சு. அதை நீங்களே கட்டினீர்கள். பலாக்கொட்டை மாதிரி ஒரு கோணல் முடிச்சு. போலியோவில் கால் சூம்பிய நம்முடைய ஷிஹாம், "மிஸ், அது முடிச்சா, கட்டியா?" என்று சிரித்து, திருப்பிக் கட்டப் பார்த்தான். நான் விடவில்லை. அதற்குப் பிறகு ஏழு வருடம் யார் கையையும் பிடிக்காமல் என் மிளகை நானே பறித்தேன். கயிறு உக்கினால் நீங்கள் புதுக் கட்டு கொண்டுவந்து, அந்த முடிச்சை மட்டும் திரும்ப நீங்களே போடுவீர்கள். என் வாழ்க்கையில் கண் இருந்த காலத்தைவிட அந்த ஏழு வருடத்தைத்தான் அதிகம் நினைக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். சங்கம் மிளகு சேர்த்து வைத்த ஸ்டோர் பள்ளிவாசலுக்குச் சொந்தம் அல்லவா? கடை போடக் கேட்டு வேறு ஆட்கள் வந்திருக்கிறார்கள். ஆனாலும் ஆகஸ்ட் வரைக்கும் பொறுப்பதாகப் பள்ளிவாசலை நிர்வகிக்கிற நம்பிக்கையாளர்கள் சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் நாங்கள் வாடகைக்குக் கையெழுத்து வைத்தால் ஸ்டோர் எங்களுக்கு. மாத்தளை டவுனில் வாசனைத் திரவியம் ஏற்றுமதி செய்கிற பவாஸ் ஹாஜியார், முன்னைப்போல வீடுவீடாக மிளகு ஏற்ற லொறி ஓடினால் எங்கள் மிளகை வாங்கலாம் என்கிறார். பிரதேச செயலகத்தில், ஒழுங்கான ஒரு விண்ணப்பம் கொண்டுவந்தால் பார்க்கலாம் என்கிறார்கள். விண்ணப்பம் எழுதத் தெரிந்த ஆளைத்தான் நாங்கள் தொலைத்துவிட்டோம்.

"உங்கட பெருமைய நீங்களே வச்சிருங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். மாத்தளையில் பிறந்து வளர்ந்த உங்களுக்குக் கோபம் வந்தால் மட்டும்தான் யாழ்ப்பாணத் தமிழ் வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அந்தக் கோபம் இன்னும் இருக்கிறதா என்று அறிய விரும்பும்,

பதுர்தீன் நானா


சுன்னாகம்
05.02.2025

பதுர்தீன் நானா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு நாள் பிரிக்காமல் வைத்திருந்தேன்.

நான் இப்போது ஒரு தனியார் பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை செய்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் முடியாது, அதனால் இங்கே வந்து சேர்ந்தோம். விண்ணப்பங்கள் எழுதுவதை விட்டுவிட்டேன். என்னை மன்னியுங்கள்.

கோபம் இருக்கிறதா என்று கேட்டீர்கள். இருக்கிறது. எதற்கு என்று ஒரு தடவையாவது எழுதிவிடுகிறேன்.

அந்த நிறுவனத்தின் ஆட்கள் பணத்தைத் தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவெடுக்க வந்தார்கள். அவர்களுக்காகப் பதினான்கு பக்கம் எழுதியிருந்தேன். அதில் நான்கு பக்கம் உங்கள் கயிற்றைப் பற்றி. வான் வண்டியில் வரும்போது, "பாருங்கள், இரண்டு ரூபாய் முடிச்சு ஒரு மனிதனுக்கு எப்படித் தோட்டத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கிறது என்று பாருங்கள்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன். வந்து இறங்கினால் கயிற்றைக் காணவில்லை. நீங்கள் வெள்ளைச் சாரமும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரி தனியாகக் கேட்டுக்கு நடந்து வந்தீர்கள். அவர்கள் கை தட்டினார்கள்.

ஷிஹாமின் ஊன்றுகோல்கள் அறைக்குள். அவர் கதிரையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்தபடியே மரக்கறி நட உங்கள் முற்றத்தில் அவருக்கென்று செய்த மேசைப் பாத்திகள் இருந்தனவே, அவற்றின் மேல் பலகை போட்டு, பூப்போட்ட துணி விரித்து, வட்டலப்பம் பரிமாறினீர்கள். தாங்கள் பணம் கொடுத்துச் செய்வித்த பாத்தியின் மேலேயே தட்டை வைத்துக்கொண்டு, "பாத்திகள் எங்கே?" என்று அவர்கள் என்னிடம் கேட்டார்கள். இருபத்துமூன்று வீட்டிலும் இதே கதை. பக்கத்து ஊர் நாலந்தாவில் சோமாவதி அக்கா, ஒற்றைக் கையால் மிளகு உதிர்க்கிற மிதி இயந்திரத்தைக் கோழிக்கூட்டுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார்.

அறிக்கையில் வந்தது இரண்டே வரி. பயனாளிகள் தன்னிறைவு அடைந்துவிட்டார்கள், ஆதரவை இத்துடன் நிறைவு செய்யலாம்.

கண்ணாடி போட்டவன் நன்றாக வாசிக்கிறான் என்பதற்காகக் கண்ணாடியைப் பிடுங்குகிறதில்லை. அதைத்தான் அவர்களுக்கு விளக்க இருந்தேன். விளக்குவதற்குக் கண்ணாடியையே காணவில்லை. யார் செய்த வேலை என்று கேட்டபோது, "நாந்தான் எல்லாத்தையும் அவுக்கச் சென்னேன்" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னீர்கள். அதற்குப் பிறகு என்ன பேசினேன் என்று எனக்கே ஞாபகமில்லை. நீங்கள் ஞாபகம் வைத்திருக்கிறீர்கள்.

இங்கே சந்தையில் மிளகு வாங்கும்போது நகத்தால் அழுத்திப் பார்க்கிறேன். நீங்கள் காட்டிக் கொடுத்த பழக்கம். கடைக்காரர் முறைக்கிறார்.

கயிறுகளைத் திரும்பக் கட்டினீர்களா? அதை மட்டும் எழுதுங்கள்.

சிவதர்ஷினி


உக்குவளை
23.02.2025

அன்புள்ள மிஸ்ஸுக்கு,

கட்டினோம். அவர்கள் வான் ஏறிப் போன அன்று பின்னேரமே கட்டினோம். இரண்டு மழை கண்டு இப்போது உக்கத் தொடங்கிவிட்டது. உங்கள் கோணல் முடிச்சு இருந்த துண்டு மட்டும் எங்கேயோ தொலைந்துவிட்டது. அந்த இடத்தில் ஒரு பால்மா டின்னைத் தொங்கவிட்டிருக்கிறேன். கை பட்டால் டங் என்று சத்தம் வரும். பள்ளத்துக்கு அது போதும், ஆனால் டின் உங்களைப் போல் இல்லை.

நீங்கள் எழுதியது எல்லாம் உண்மை. நான்தான் அவிழ்க்கச் சொன்னேன். வீட்டுக்கு விருந்தாளி வருகிற நாளில் கிழிந்த சாரத்தை வாசலில் காயப்போடுவார்களா, மிஸ்? நாங்கள் குறையை உள்ளே வைத்துவிட்டு, இருப்பதில் நல்லதை எடுத்து வெளியே வைப்போம். வருகிறவர்கள் நம்முடைய வட்டலப்பத்தைச் சாப்பிட்டுவிட்டுச் சந்தோஷமாகப் போனால் அதுதான் எங்களுக்கு மரியாதை. குறையைக் காட்டினால்தான் தருவார்கள் என்பது எங்கள் புத்தியில் இருக்கவில்லை. இப்போது தெரிகிறது. சுட்ட பிறகுதானே சட்டி சூடு என்று தெரியும்.

ஷிஹாம் மாத்தளை பஸ் ஸ்டாண்டில் லொத்தர் டிக்கெட் விற்கிறான். போன மாதம் போனபோது எனக்கு ஒன்றைச் சும்மா தந்து, "விழுந்தா ஸ்டோர எடுத்துருவோம் நானா" என்றான். சோமாவதி அக்கா தோட்டத்தைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டார். மிச்சமிருக்கிற ஒன்பது பேரும் பச்சை மிளகை வாசலுக்கு வருகிறவனிடம் அவன் சொன்ன விலைக்குக் கொடுக்கிறோம். லொறி ஓடிய காலத்தில், செவ்வாய்க்கிழமை ஹோர்ன் சத்தம் கேட்டதும் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு கயிற்றைப் பிடித்துக் கேட்டுக்குப் போவேன். இன்றைக்கும் செவ்வாய்க்கிழமை ஏதாவது ஹோர்ன் கேட்டால் கால் தானாக எழும்புகிறது.

எழுத முடியாது என்று நீங்கள் சொன்னதில் எனக்கு வருத்தமில்லை. கேட்டது என் கடமை.

பதுர்தீன் நானா

மிஸ், இனி எழுதுவது மஸீஹா. கடிதத்தை ஒட்டிவை என்று சொல்லிவிட்டு அவர் அஸர் தொழப் போயிருக்கிறார். வருவதற்குள் எழுதிவிட வேண்டும்.

கயிற்றை அவிழ்த்தது அவர் இல்லை, நான். "நான்தான் அவிழ்க்கச் சொன்னேன்" என்று அவர் சொல்கிற பொய்யை இப்போது என் கையாலேயே எழுத வேண்டி வந்தது. எழுதும்போது பேனா நின்று நின்று போனது.

விருந்தாளிகள் வருவதற்கு முதல் நாள் பின்னேரம் அவர் முடி வெட்ட டவுனுக்குப் போயிருந்தார். அந்த நேரத்தில் எல்லாக் கயிற்றையும் அவிழ்த்துச் சாக்கில் போட்டேன். கூட்டிப் போன பொடியன் அவரைக் கைபிடித்து வாசலில் கொண்டுவந்து விட்டதால் அன்று இரவு அவருக்குத் தெரியவில்லை. மற்ற வீடுகளுக்கும் போன் எடுத்து, "விருந்தாளி வாறாங்க, கம்பு கயிறெல்லாம் உள்ளுக்கு எடுத்து வைங்க" என்று சொன்னதும் நான்தான். காலையில் அவர் குசினிக் கதவில் கையை நீட்டினார். கயிறு இல்லை. கை அப்படியே நின்றது. "மஸீஹா" என்று ஒரு தடவை கூப்பிட்டார். நான் அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தேன். பிறகு அவரும் ஒன்றும் கேட்கவில்லை. வாசலில் இருந்து கேட்டுக்கு இரண்டு தடவை எண்ணி நடந்து பார்த்தார். நாற்பத்தொரு எட்டு. அவர்கள் முன்னால் நடந்தபோது பள்ளத்துக்கு ஒரு எட்டு இருக்கும்போது நின்றார். என் கையில் தேத்தண்ணித் தட்டு. அந்த ஒரு நிமிடம் நான் உயிரோடு இருக்கவில்லை. பிறகுதான் எட்டி வைத்துத் தாண்டினார்.

ஏன் செய்தாய் என்று நீங்கள் கேட்பீர்கள். என்னைப் பெண் பார்க்க வந்தபோது அவர் உக்குவளை ஸ்டேஷனிலிருந்து எங்கள் வீடு மட்டும் தண்டவாளத்து இரும்பின் மேலேயே நடந்து வந்தார். ஒரு தடவைகூடக் கால் தவறவில்லை. நான் யன்னலில் நின்று பார்த்தேன். அந்த நடையை இன்னொரு தடவை, நாலு பேர் பார்க்க, கயிறு இல்லாமல் பார்க்க ஆசைப்பட்டேன். ஒரேயொரு நாளைக்குத்தான் ஆசைப்பட்டேன், மிஸ். அந்த ஆசை இருபத்துமூன்று வீட்டுச் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டது.

இன்று வரைக்கும் அவர் என்னிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மஸீஹா


சுன்னாகம்
16.03.2025

மஸீஹா ராத்தா,

முதல் பகுதி உங்களுக்கு. நானாவுக்கு வாசிக்கும்போது இதை விட்டுவிட்டு, "இனி நானாவுக்கு" என்ற இடத்திலிருந்து வாசியுங்கள்.

நீங்கள் உண்மை எழுதியிருக்கிறீர்கள், நானும் எழுதுகிறேன். வருவதற்கு முதல் நாள் காலையில் உங்களுக்கு போன் எடுத்து, "ராத்தா, வீடு வாசலெல்லாம் கொஞ்சம் வடிவா வைங்க" என்று சொன்னது யார்? நான்தானே. அது மட்டுமில்லை. கயிறு இல்லாததைக் கண்டவுடனே, இங்கே நேற்று வரை கயிறு இருந்தது என்று அவர்களிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நானா தனியாக நடந்து வந்தபோது அவர்கள் கை தட்டினார்கள் என்று எழுதியிருந்தேன். நானும் தட்டினேன், ராத்தா. எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினேன். இப்படி நடக்கிற மனிதனை நான் உருவாக்கினேன் என்ற மாதிரி ஒரு பெருமை. பிறகு அறிக்கை வந்ததும் அந்தக் குற்றத்தையும் சேர்த்து நானாவின் தலையில் கொட்டிவிட்டு வந்துவிட்டேன். இதை நான் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

விண்ணப்பத்தை நான் எழுதுகிறேன். ஆனால் அந்த நாளை மறைத்துவிட்டு எழுத என்னால் முடியாது. யார் அவிழ்த்தார், ஏன் அவிழ்த்தார், யார் கை தட்டினார் என்று எல்லாம் அதில் வர வேண்டும். ஆதரவு ஏன் ஒரு தடவை கொடுத்துவிட்டு நிறுத்துகிற விஷயமில்லை என்று அதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியாது. உங்கள் இரண்டு பேரின் சம்மதம் வேண்டும். நானாவிடம் கேட்க வேண்டியது நீங்கள். எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

இனி நானாவுக்கு:

நோன்பு எப்படிப் போகிறது? உங்கள் வீட்டு நோன்புக் கஞ்சியை நினைத்தால் இங்கே பசியில்லாத நேரத்திலும் பசிக்கிறது. ஸ்டோர் வாசலில் சட்டியை வைத்து, சோமாவதி அக்கா முதல் எல்லோருக்கும் ஊற்றுவீர்கள். சோமாவதி அக்கா இஞ்சி போதாது என்று வருடா வருடம் குறை சொல்லிக்கொண்டே இரண்டு கோப்பை குடிப்பார்.

யோசித்துப் பார்த்தேன். போன தடவை நாங்கள் விட்ட பிழை, ஒரே கையிலிருந்து எல்லாவற்றையும் வாங்கியது. அந்தக் கை மடங்கியதும் எல்லாம் மடங்கியது. இந்தத் தடவை நாலு பேரிடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்போம். ஸ்டோர் பள்ளிவாசலுடையது. மிளகை மூன்று வருடத்துக்கு வாங்குவதாக ஹாஜியார் எழுத்தில் தர வேண்டும், லொறிச் செலவில் பாதியும் அவர். வஹகோட்டை கோயிலோடு ஒரு மரக்கறிச் சங்கம் இருக்கிறது, அவர்களுக்கும் லொறி இல்லை. மற்றப் பாதியை அவர்களோடு பங்கு போடலாம். ஊன்றுகோல், பாத்தி, கயிறு எல்லாம் பிரதேச செயலகத்தின் வருடாந்த வேலையில் சேர வேண்டும். வருடாந்தம் என்பதுதான் முக்கியம். கயிறு இரண்டு மழைக்கு உக்கும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை அப்படியே எடுத்துப் போடப் போகிறேன்.

பெருநாள் வாழ்த்துகள்.

சிவதர்ஷினி


உக்குவளை
08.04.2025

அன்புள்ள மிஸ்ஸுக்கு,

மஸீஹா உங்கள் கடிதத்தை ஒரு வரி விடாமல் வாசித்தாள். விட்டுவிட்டு வாசியுங்கள் என்று நீங்கள் எழுதிய வரியையும் சேர்த்து வாசித்தாள். பெருநாள் முடிந்த மறுநாள், வந்தவர்கள் எல்லோரும் போன பிறகு, பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தாள். இடையில் நிறுத்தி நிறுத்தி, முன்னால் தான் எழுதியதையும் சொன்னாள்.

அவள் ஏதோ எழுதினாள் என்பது எனக்குத் தெரியும். நான் சொன்னது இரண்டு பக்கம். அஸர் தொழுதுவிட்டு வந்தபோதும் பேனா ஓடிக்கொண்டிருந்தது. தபாலுக்கு வழக்கத்தைவிடக் கூடுதலாக முத்திரை கேட்டாள். கண் இல்லாதவனுக்குக் காதும் கணக்கும் உண்டு, மிஸ்.

கயிற்றை யார் அவிழ்த்தது என்பதும் அன்றைக்கே தெரியும். அவசரக்காரன் என்றால் வெட்டி எடுத்திருப்பான். பின்னேரம் திரும்பக் கட்டும்போது தடவிப் பார்த்தேன், ஒவ்வொரு முடிச்சையும் நூல் பிரியாமல் அவிழ்த்திருந்தது. அந்தப் பொறுமை எங்கள் வீட்டில் ஒரு ஆளுக்குத்தான் உண்டு. ஏன் செய்தாள் என்பதுதான் தெரியாது. எனக்கு வெட்கப்பட்டுத்தான் அவிழ்த்தாள் என்று நினைத்துக்கொண்டேன். அதனால்தான் கேட்கவில்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வேன்?

தண்டவாளக் கதையையும் அவள் சொன்னாள். பிறகு கேட்டேன்.

"அன்டைக்கு நான் நடந்தத நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"எப்பிடி ஈந்திச்சு?"

"ஸ்டேஷன்ல இருந்து வந்த மாதிரித்தான்."

எனக்கு அது போதும். அவள் அழுதாள், நானும் அழுதேன். (அவர்தான் முதலில் அழுதார். - மஸீஹா.)

எழுதுங்கள் மிஸ். எல்லாவற்றையும் எழுதுங்கள். ஒரேயொரு நிபந்தனை. பாவம் என்ற சொல் ஒரு இடத்திலும் வரக் கூடாது. நீங்கள் கை தட்டியதற்கு நான் கோபிக்கவில்லை. யாராவது தட்டுவார்கள் என்றுதானே அவ்வளவு நிமிர்ந்து நடந்தேன்.

பதுர்தீன் நானா


சுன்னாகம்
22.06.2025

அன்புள்ள நானா, ராத்தா,

விண்ணப்பம் நாலு இடத்துக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. பதினோரு பக்கம். பாவம் என்ற சொல் இல்லை, இரண்டு தடவை தேடிப் பார்த்தேன்.

ஆகஸ்ட் பன்னிரண்டாம் திகதி எல்லோரும் ஒன்றாகப் பார்க்க வருகிறார்கள். அந்தக் கிழமைதான் அம்மாவின் முழங்காலுக்கு ஒப்பரேஷன், என்னால் வர முடியாது. வராமல் இருப்பது நல்லதுதான், வந்தால் நான் வழியெல்லாம் பேசுவேன்.

எதையும் எடுத்து ஒளிக்க வேண்டாம். எதையும் புதிதாக வைக்கவும் வேண்டாம். உக்கின கயிறு உக்கினபடியே இருக்கட்டும். வட்டலப்பம் வேண்டாம் என்று சொல்லவில்லை. பாத்தியின் மேல் வைக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

விண்ணப்பத்தில் இணைப்பாளர் பெயர் எழுதுகிற கோட்டை வெறுமையாக விட்டிருக்கிறேன். அங்கே இருக்கிற யாராவது ஒருவரைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இரவல் வாங்கிய தைரியத்தோடு,
சிவதர்ஷினி


உக்குவளை
17.08.2025

அன்புள்ள மிஸ்ஸுக்கு,

அம்மாவுக்கு ஒப்பரேஷன் நல்லபடி முடிந்திருக்கும் என்று நம்புகிறோம். ஜும்ஆவில் அவருக்காகவும் துஆ கேட்டேன்.

இது சிறுபோகக் கடிதம். முறைப்படி முதலில் பயிர். மிளகு நடுத்தரம். இரண்டு கொடி பட்டுவிட்டது. சாதிக்காய் நன்றாகக் காய்த்திருக்கிறது.

பன்னிரண்டாம் திகதி வந்தார்கள். பவாஸ் ஹாஜியார், பிரதேச செயலகத்திலிருந்து ஒரு சிங்கள மெடமும் ஒரு உத்தியோகத்தரும், வஹகோட்டைச் சங்கத்திலிருந்து இரண்டு பேர். ஷிஹாம் லொத்தர் பலகையைப் பஸ் ஸ்டாண்டில் யாரிடமோ கொடுத்துவிட்டு, இரண்டு ஊன்றுகோலோடும் வந்து தன் பாத்திக்கு முன்னால் உட்கார்ந்தான். பாத்தியில் புல்தான் இருந்தது. அதை அப்படியே காட்டினான்.

ஹாஜியார் போனில் பேசிக்கொண்டே எல்லோருக்கும் முன்னால் நடந்தார். டின் சத்தம் கேட்கவில்லை. சளப் என்று வேறொரு சத்தம் கேட்டது. வெள்ளைச் சாரம் முழங்கால் மட்டும் சேறு என்று மஸீஹா பிறகு சொன்னாள். அப்போது எனக்கு உங்கள் ஞாபகம் வந்து சிரிப்பு வந்துவிட்டது. நல்ல காலம், அவரும் சிரித்துவிட்டார். "நானா, அந்தக் கயிற இங்கால தாங்க" என்று கையை நீட்டினார். அதன் பிறகு மிளகு வரிசை முடியும் மட்டும் கையை எடுக்கவில்லை.

மெடம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு முடிச்சாகக் கேட்டுக்கொண்டு வந்தார். இதையெல்லாம் யார் கட்டினது என்று கேட்டார். சங்கம் கட்டினது என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அதற்குள் மஸீஹா குசினியிலிருந்து வந்துவிட்டாள். விருந்தாளிகள் வந்தால் கதவுக்குப் பின்னால் நின்று தட்டை நீட்டுகிற மனிசி, எல்லோருக்கும் முன்னால் வந்து நின்று சிங்களத்தில் சொன்னாள். "நான்தான் கட்டினேன். ஒருமுறை அவிழ்த்ததும் நான்தான். நீங்கள் அந்த விண்ணப்பத்தில் வாசித்த பொம்பளை நான்தான்."

மெடம் கொஞ்ச நேரம் கயிற்றைத் தடவிக்கொண்டே இருந்தாராம். பிறகு, "இது உக்கிப்போயிருக்கிறதே, வருடத்துக்கு எத்தனை கட்டு வேண்டும்?" என்று கேட்டார். அவ்வளவுதான் மிஸ். அந்தக் கேள்வியை ஒருவர் கேட்பதற்காகத்தான் நாங்கள் இவ்வளவு நாளாகக் காத்திருந்தோம் போல.

ஹாஜியார் மூன்று வருடத்துக்கு எழுதித் தந்துவிட்டார். லொறி செவ்வாய் எங்களுக்கு, வெள்ளி வஹகோட்டைக்கு. செயலகத்தில் இந்த வருடத்துக்குச் சம்மதம், வருகிற வருடம் திரும்பக் கேட்க வேண்டுமாம். கேட்போம். சோமாவதி அக்காவின் தோட்டம் குத்தகை முடியச் சித்திரை ஆகும். ஷிஹாம் இன்னும் லொத்தர் டிக்கெட்டை விடவில்லை, முதல் அறுவடை வரட்டும் என்கிறான். அவன் சொல்வதும் சரிதான். ஸ்டோருக்கு வெள்ளிக்கிழமை கையெழுத்து வைத்தோம். நான் வைத்த இடத்தை மஸீஹா விரலால் காட்டினாள்.

இணைப்பாளர் கோட்டில் உங்கள் பெயரைப் போடச் சொன்னேன். "கேக்காம எழுதப்படாது" என்றாள். அதனால் இப்போது கேட்கிறேன். ஹாஜியாரும் கேட்கிறார், மெடமும் கேட்டார். அம்மா நடக்கத் தொடங்கின பிறகு வந்தால் போதும். கோடு அதுவரைக்கும் வெறுமையாகவே இருக்கும்.

பதுர்தீன் நானா

மிஸ், அவர் அஸருக்குப் போய்விட்டார். இந்தத் தடவை முத்திரையை முன்கூட்டியே வாங்கி வைத்துவிட்டேன்.

உங்கள் முடிச்சு தொலையவில்லை. அன்றைக்கு எல்லா முடிச்சையும் அவிழ்த்தேன், அதை மட்டும் அவிழ்க்க முடியவில்லை. நீங்கள் எப்படித்தான் கட்டினீர்களோ, நகம் உடைந்ததுதான் மிச்சம். கடைசியில் கத்தியால் இரண்டு பக்கமும் வெட்டி எடுத்து, கயிற்றின் வெட்டு நுனிகளை அவர் கையில் படாமல் மடித்துக் கட்டிவிட்டு, முடிச்சை என் நிக்காஹ் சேலைக்குள் சுற்றி அலுமாரியில் வைத்துவிட்டேன். திருப்பிக் கட்டினால், வெட்டின இடத்தை அவர் தடவிப் பார்த்துக் கேட்பார் என்று பயந்து வெளியே எடுக்கவே இல்லை.

இப்போதுதான் டின்னை இறக்கிவிட்டு, முத்திரையோடு வாங்கி வைத்த புதுக் கயிற்றில் அதை வைத்துக் கட்டிவிட்டு வந்து எழுதுகிறேன். அவரிடம் சொல்லவில்லை. நாளை மறுநாள் செவ்வாய்க்கிழமை, லொறி வருகிற முதல் நாள். ஹோர்ன் கேட்டதும் சாக்கை எடுத்துக்கொண்டு போவார், அப்போது கையில் படும். நான் குசினி யன்னலில் நின்று பார்ப்பேன்.

நீங்கள் வரும்போது அதைப் பிடித்துக்கொண்டே வாருங்கள், மிஸ். பள்ளம் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

மஸீஹா